அறுபது அணுக்களை ஒரே உருண்டையாக எண்ணலாமா?

பந்து வடிவான C60 ஃபுல்லரீன் மூலக்கூறில் 60 கார்பன் அணுக்கள். இப்படி இரண்டு பந்துகள் எவ்வளவு ஈர்த்துக்கொள்ளும் என்று அணுவுக்கு அணு கணக்கிட்டால் 3,600 இணைகள் வரும். ஒரு படிகத்துக்கே இப்படிப் போட்டால் கணினி திணறும். 1992இல் ஜிரிஃபால்கோ என்ற ஆய்வாளர் ஒரு குறுக்குவழி காட்டினார். அணுக்களைக் கோளத்தின் மேற்பரப்பில் சீராகப் பூசிவிட்டு, இரு அணுக்களுக்கிடையே ஈர்ப்பையும் விலக்கலையும் தரும் லெனார்ட்-ஜோன்ஸ் நிலையாற்றலை இரு கோளங்கள்மீதும் தொகையிட்டார். மையங்களுக்கு இடையிலான தூரம் மட்டுமே மிஞ்சியது. ஈர்ப்பாற்றல் உச்சமடையும் தூரம் சுமார் 1 நானோமீட்டர். படிகத்தில் அளந்ததும் அதுவே. இதில் வியக்க அதிகமில்லை: சூத்திரத்தின் மாறிலிகளே படிக அளவுக்கும் பதங்கமாதல் வெப்பத்துக்கும் பொருந்துமாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை.

ஐங்கோணமும் அறுகோணமுமான கூண்டை வழவழப்பான கோளம் என்பது ஏமாற்று இல்லையா? அறை வெப்பநிலையில் இல்லை. அங்கே மூலக்கூறுகள் சில பிக்கோவிநாடிகளிலேயே திசை மாறிச் சுழல்கின்றன. பக்கத்து மூலக்கூறு உணர்வது சராசரியைத்தான். சுமார் 260 கெல்வினுக்குக் கீழே ஆட்சேபம் வெல்கிறது. சுழற்சி தடைப்பட்டு, ஒன்றின் இரட்டைப் பிணைப்பு அடுத்ததன் ஐங்கோணத்தை நோக்கித் திரும்புகிறது. இந்தத் திரும்பலை விளக்க மின்சுமைப் பங்கீட்டையும் அணுக்களின் இடங்களையும் சேர்த்தே ஆகவேண்டும்.

இருந்தும் இந்த எளிய கோளம் நல்லதொரு வம்பை இழுத்தது. பந்தின் பருமனோடு ஒப்பிட்டால் ஈர்ப்பின் வீச்சு குறுகியது. திரவ நிலைக்கோ போதிய நீளமான வீச்சு தேவை. 1993இல் இதே சூத்திரத்தைக் கொண்டு ஒரு குழு திரவமே இல்லை என்றது; இன்னொரு குழு 1,800 கெல்வினையொட்டி மிகக் குறுகிய இடைவெளியில் உண்டு என்றது. ஆய்வகத்தில் தீர்க்கவும் வழியில்லை. அந்தச் சூட்டுக்கு வெகு முன்பே கூண்டு சிதையத் தொடங்கிவிடும்.