எபிரேய அகராதியில் எங்கே தேடுவது?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறச் சபைகளில் வேதபாடம் நடத்துகிறவர்களுக்குப் பழைய ஏற்பாட்டை மூலமொழியில் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. எபிரேயத்தில் எழுத்து 22தான், பழகிவிடலாம். அகராதியைத் திறக்கும்போதுதான் தடுமாற்றம். தேடும் சொல் நாம் நினைத்த இடத்தில் இருக்காது.

காரணம், மலாய் புழங்கும் நமக்கு எளிதில் விளங்கும். கித்தாப் என்றால் நூல். மக்தாப் என்றால் கல்லூரி. இரண்டும் அரபியிலிருந்து மலாய்க்கு வந்தவை. எழுதுவதைக் குறிக்கும் க-த-ப என்ற மூன்று மெய்களே இரண்டுக்கும் வேர். அரபிக்கு உறவான எபிரேயத்திலும் அந்த வேர் உண்டு: காதவ் என்றால் எழுதினான், மிக்தாவ் என்றால் எழுதப்பட்டது. வேர்வரிசை அகராதியில் மிக்தாவுக்கு விளக்கம் மகரத்தில் இராது. ககரத்தில், வேரின் கீழ் இருக்கும்.

பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் மூவரும் தொகுத்து 1906இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்த வகை. ஜெர்மனியின் ஹாலே நகரில் கற்பித்த கெசேனியுஸின் அகராதியே அதற்கு அடிப்படை. 1906 அகராதியின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் உகரித் களிமண் பலகைகளும் சாக்கடல் சுருள்களும் கண்டெடுக்கப்படுவதற்கு முந்தியது. அவற்றால் தெளிவடைந்த பொருள்களை இதில் எதிர்பார்க்க முடியாது.

1953இல் வந்த கோலர்–பாம்கார்ட்னர் அகராதி சொற்களை எபிரேய நெடுங்கணக்கு வரிசையிலேயே தருகிறது. மிக்தாவ் மகரத்திலேயே கிடைக்கும். அதன் விரிவான ஆங்கிலப் பதிப்பு 1994 முதல் 2000 வரை பல தொகுதிகளாக வந்தது, விலை அதிகம். கோலர்–பாம்கார்ட்னர் அகராதியை ஒட்டி ஹாலடே 1971இல் வெளியிட்ட ஒற்றைத் தொகுதிச் சுருக்கம் தொடக்கநிலைக்குப் போதும்.

கைப்பேசிச் செயலிகளில் சொல்லுக்குரிய எண்ணைத் தட்டினால் பொருள் வருகிறதே, அது 1890இல் வந்த ஸ்ட்ராங். கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்துக்கான சொல்லடைவு அது. எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டத்தான் ஸ்ட்ராங் அதைத் தொகுத்தார். அதிலுள்ள பொருள் பட்டியலிலிருந்து பிடித்ததை எடுத்து எந்த வசனத்திலும் பொருத்தக் கூடாது. ரூவாஹ் என்பது காற்று, மூச்சு, ஆவி மூன்றையும் குறிக்கும். எது பொருந்தும் என்பதை அந்த வசனம்தான் முடிவு செய்யும்.

வேரிலும் கவனம் வேண்டும். லெஹெம் என்றால் உணவு, மில்ஹாமா என்றால் போர். இரண்டிலும் ல-ஹ-ம என்ற அதே மூன்று மெய்கள். அதற்காக எல்லாப் போரும் சோற்றுக்காகத்தான் என்று பிரசங்கிக்க எபிரேயம் இடம் தராது. 1906 அகராதியே அவற்றை இரண்டு தனி வேர்களாகப் பிரித்திருக்கிறது.

இவை எல்லாம் ஆங்கிலத்தில் பொருள் சொல்பவை. தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள். வாங்குமுன், சிரம்பானில் உள்ள செமினாரி தியோலோஜி மலேசியா போன்ற இறையியல் கல்லூரிகளில் நூலகத்தைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பலிபீடத்தைக் குறிக்கும் மிஸ்பேயாஹ் என்ற சொல்லை இரு வகை அகராதியிலும் தேடிப் பார்த்தால், எது கைக்கு ஒத்துவரும் என்பது தெரிந்துவிடும்.