நஞ்சறுப்பான் இலை மூச்சைத் திறக்குமா?

காஞ்சிபுரத்துத் தறிகளில் பளபளக்கும் பட்டு நூலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டுப்புழு நூற்கும் இழையில் இரண்டு புரதங்கள் உண்டு. உள்ளே இருப்பது ஃபைப்ராயின். அதன்மேல் கோந்து போலப் படிந்திருப்பது செரிசின். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு இந்தக் கோந்துதான். சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்க வைத்து இதை நீக்கிவிடுகிறார்கள். பட்டுக்குப் பளபளப்பு வருவது அதன் பிறகுதான்.

காஞ்சிக்கு வரும் நூலில் பெரும்பகுதி கர்நாடகத்தில் கூட்டிலிருந்து எடுக்கப்படுவது. அங்கே நூலெடுக்கும் ஆலைகளில் உழைப்பவர்களுக்குப் பட்டின் புரதங்களால் ஆஸ்துமா வருவதைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நமக்கு அழகு தரும் அதே இழை அவர்களில் சிலருக்கு மூச்சை அடைக்கிறது!

மூச்சு எப்படி அடைபடுகிறது? நுரையீரலுக்குள் காற்றுக் குழல்கள் மரக்கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து மெலிகின்றன. இவற்றின் சுவரில் மாஸ்ட் செல்கள் என்னும் காவல் செல்கள் இருக்கின்றன. ஒவ்வாத தூசி வந்ததும் இவை ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சவ்வு வீங்குகிறது, சளி கட்டுகிறது. சில மணி நேரம் கழித்து வெள்ளணுக்கள் திரண்டு வந்து வீக்கத்தை நீடிக்கச் செய்கின்றன. இதுதான் அழற்சி. குழலின் விட்டம் பாதியாகச் சுருங்கினால் சீராக ஓடும் காற்றுக்கு எதிர்ப்பு இரு மடங்காகாது, 16 மடங்காகிவிடும். இரைப்பு வந்தவர் படும் பாட்டுக்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம்.

இனி இலைக்கு வருவோம். நஞ்சறுப்பான் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. நம் சமவெளிகளில் வேலிகளில் சுற்றிப் படரும். இதன் விதைகளின் நுனியில் பட்டுப்போன்ற மயிர்க்கற்றை இருக்கும். 1844இல் வெளிவந்த வங்காள மருந்து நூலிலேயே இதன் இலை இடம் பெற்றுவிட்டது. எதற்காகத் தெரியுமா? வாந்தி எடுக்க வைப்பதற்காக! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி வல்லபாய் படேல் மார்புநோய் நிலையத்தில் டாக்டர் சிவ்புரியும் அவருடைய குழுவினரும் இந்த இலையை ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1969இல் வெளியான ஆய்வில் 110 பேர் பங்கு கொண்டனர். நாளைக்கு ஓர் இலை வீதம் ஆறு நாள் மட்டுமே. சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்குப் போலி. எவருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஒரு வார முடிவில் இலை உண்டவர்களில் 62 விழுக்காட்டினர் நல்ல நிவாரணம் அடைந்தனர். போலி மருந்து உண்டவர்களில் 28 விழுக்காட்டினரும் அடைந்தனர். வாரங்கள் செல்லச் செல்லப் பலன் தேய்ந்தது.

அந்த 28ஐச் சற்றுக் கவனியுங்கள். ஒன்றுமில்லாத பொருளை உண்டும் நாலில் ஒருவருக்கு மேல் தேறியிருக்கிறார்கள். ஆஸ்துமா தானாகவே ஏறி இறங்கும் நோய். நம்பிக்கையும் தன் பங்கைச் செய்யும். "எங்கள் தாத்தாவுக்குக் குணமாயிற்று" என்ற சாட்சியம் மட்டும் விஞ்ஞானத்துக்குப் போதாமல் போவது இதனால்தான்.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்த இலையை மென்ற பலருக்கு வாய் புண்ணாயிற்று, உப்பின் சுவை தெரியாமல் போயிற்று, குமட்டல் வந்தது. அப்படியானால் தனக்குக் கிடைத்தது மெய்யான இலை என்று நோயாளி ஊகித்துவிட மாட்டாரா? மறைத்து வைத்த ரகசியத்தை நாக்கே காட்டிக் கொடுத்துவிடும்! நீங்கள் ஆய்வாளராக இருந்தால் போலியாக எதைக் கொடுப்பீர்கள்? யோசித்துப் பாருங்கள்; எளிதான கேள்வி அல்ல.

சென்னையில் புகழ்பெற்ற மருத்துவர் கே.வி. திருவேங்கடமும் குழுவினரும் இலைப்பொடியை வழக்கமான ஆஸ்துமா மருந்தோடு ஒப்பிட்டு 1978இல் முடிவுகளை வெளியிட்டனர். பொடிக்குச் சாதகமாகவே அவை இருந்தன. மறு ஆண்டே இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வேறொரு குழுவின் இரட்டை மறைப்பு ஆய்வு வந்தது. இலைக்கும் போலிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது அது! இரண்டில் ஒன்று பொய் என்று சொல்லிவிட முடியாது. நோயாளிகள் வேறு, அளவு வேறு, இலை பறித்த மண்ணும் பருவமும் வேறு. இலையிலுள்ள மருந்துச் சத்து செடிக்குச் செடி மாறக்கூடியது.

ஆகவே சத்தைத் தனியே பிரித்து ஆராய்வது நல்லது அல்லவா? சென்னையில் டாக்டர் லலிதா காமேஸ்வரனும் உடன் உழைத்தவர்களும் அதைச் செய்தனர். இலையின் முக்கிய ஆல்கலாய்டான டைலோஃபோரின் ஆய்வுக்கூட விலங்குகளில் அழற்சியைத் தணித்தது. 1981இல் இலையின் ஆல்கலாய்டுகளை குரோமோகிளைகேட் என்ற மருந்தோடு ஒப்பிட்டு, மாஸ்ட் செல்களை எது எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்றும் பார்த்தனர்.

அந்தக் குரோமோகிளைகேட்டுக்கும் ஒரு செடிதான் மூதாதை. எகிப்தில் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்பட்ட அம்மி விஸ்னகா என்னும் செடியிலுள்ள கெல்லினை மாதிரியாகக் கொண்டு வேதியியலார் நூற்றுக்கணக்கான புதிய பொருள்களை உண்டாக்கினர். இங்கிலாந்தில் ரோஜர் அல்டூன்யன் என்ற மருத்துவர், தாமே ஆஸ்துமாக்காரர், கினிப்பன்றியின் தோல்தூசியைச் சுவாசித்துத் தமக்கு இரைப்பை வரவழைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1965இல் குரோமோகிளைகேட் கிடைத்தது. என்ன துணிச்சல்! நீங்கள் பின்பற்றக் கூடாத துணிச்சல்தான்.

டைலோஃபோரினுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. செல்களில் புரதம் உருவாவதையே தடுக்கும் ஆல்கலாய்டுக் குடும்பம் அது. அழற்சி செல்லுக்கும் நல்ல செல்லுக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. அதன் நெருங்கிய உறவான டைலோகிரெப்ரினைப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது நரம்பு மண்டலத்தைத் தாக்கியதால் 1960களிலேயே கைவிட நேர்ந்தது. வேலியில் இந்தக் கொடியைக் கண்டால் வரைந்துகொள்ளுங்கள், விதையின் மயிர்க்கற்றையை ஊதிப் பாருங்கள்; மெல்ல வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்று மருத்துவர்கள் முதன்மையாகத் தருவது, அழற்சியை நேரடியாகத் தணிக்கும் ஸ்டீராய்டை மூச்சோடு உள்ளிழுக்கும் முறையே. நஞ்சறுப்பானின் ஆல்கலாய்டுகளில் நஞ்சைக் குறைத்து, அழற்சி தணிக்கும் பண்பை மட்டும் வைத்துக்கொள்ளும் வேலை வேதியியலாருக்குக் காத்திருக்கிறது.