கறிவேப்பிலைச் செடிக்கு வரும் கறுப்புப் பட்டாம்பூச்சி: ஆணா, பெண்ணா? இறக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்!

வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும், இந்தப் பட்டாம்பூச்சி தேடி வந்துவிடும். பெயர் காமன் மார்மன். தமிழில் 'கறிவேப்பிலை அழகி'. மழைக்குப் பிறகு செடி துளிர்க்கும்போது நிறையவே பார்க்கலாம்.

ஆணை அடையாளம் காண்பது சுலபம். கறுப்பு இறக்கை, பின் இறக்கையில் குறுக்காக ஒரு வரிசை வெள்ளைத் திட்டுகள், முடிவில் குட்டி வால். குழப்பமே பெண்ணிடம்தான். அதற்கு மூன்று வேஷம்!

ஒன்று, அச்சு அசல் ஆண் மாதிரியே இருக்கும். இன்னொன்று, பின் இறக்கையின் நடுவே வெள்ளையும் ஓரத்தில் சிவப்புமாக 'காமன் ரோஸ்' போல. மூன்றாவது, சிவப்புப் புள்ளிகளோடு 'கிரிம்சன் ரோஸ்' போல. லின்னேயஸே ஆணையும் பெண்ணையும் தனித்தனி இனம் என்று நினைத்து இரண்டு பெயர் வைத்துவிட்டார். எல்லாம் ஒரே இனத்தின் பெண்கள்தான் என்று 1865-ல் விளக்கி எழுதியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்.

எதற்கு இந்த வேஷம்? ரோஸ் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று, அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. நஞ்சே இல்லாத நம் அழகி, அந்த உடுப்பைப் போட்டுத் தப்பிக்கிறது. ஆண், பெண் உடல் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் 'டபுள்செக்ஸ்' என்ற மரபணுவே இந்த வேஷத்தையும் நடத்துகிறது என்று 2014-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

பறவை ஏமாறலாம், நீங்கள் ஏமாற வேண்டாம். உடம்பைப் பாருங்கள். தலையிலும் வயிற்றிலும் சிவப்பு இருந்தால் அசல் ரோஸ். இறக்கை ரோஸ் மாதிரி, உடம்பு மட்டும் கறுப்பு என்றால் அது கறிவேப்பிலை அழகி, அதுவும் நிச்சயம் பெண். வெள்ளைப் பட்டை மட்டும் இருந்தால் அவசரப்பட்டு 'ஆண்' என்று சொல்லிவிட முடியாது. கொஞ்சம் பொறுங்கள். கொழுந்து இலையில் வயிற்றை வளைத்துத் தொட்டுத் தொட்டுப் பறந்தால், அது முட்டையிடும் பெண்.

அந்த முட்டையிலிருந்து வரும் புழுவைத்தான் பலரும் செருப்பால் நசுக்கிவிடுகிறார்கள். முதலில் பறவை எச்சம் போலவும், வளர்ந்தபின் பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், ஒரு வாடை வரும். அவ்வளவுதான், கடிக்காது, அரிப்பும் வராது. இலை கொஞ்சம் குறையும், செடி மறுபடி துளிர்த்துவிடும். ஒரு கிளையை விட்டுக்கொடுத்தால், கூட்டைப் பிளந்து எந்த உடுப்பில் வெளியே வருகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம்.