கிருமிநாசினி மவுத்வாஷும் பல் அடைப்பின் பிணைப்பும்

கிருமிநாசினி மவுத்வாஷ் என்பது வாயிலுள்ள நுண்ணுயிர்களைக் குறைப்பதற்காகக் கொப்பளித்துத் துப்பும் திரவம் ஆகும். ஈறு வீக்கத்துக்கும், பல் பிடுங்கிய பின்னும், சில வேளைகளில் பல் சிகிச்சைக்குச் சற்று முன்னும் இது தரப்படுகிறது. குளோரெக்சிடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, போவிடோன் அயோடின், தைமால் போன்ற நறுமணப் பொருட்கள் ஆகியவை இதில் பரவலாகச் சேர்க்கப்படுகின்றன. இவை கிருமியை மட்டும் தொடுவதில்லை. பல்லின் பரப்பையும் அதில் ஒட்டும் அடைப்புப் பொருளையும் தொடுகின்றன. அடைப்புக்கு அது நல்லதா கெட்டதா என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

அடைப்பு ஒட்டும் விதம்

பழைய வெள்ளிநிற அமால்கம் அடைப்பு பல்லோடு ஒட்டுவதில்லை. குழியின் வடிவமே அதைப் பிடித்து வைக்கிறது. இன்று பல்லின் நிறத்தில் வைக்கப்படும் கம்போசிட் பிசின் அடைப்பு அப்படியல்ல. அது ஒட்டியே ஆகவேண்டும். இதற்கு வழிகாட்டியவர் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் பணியாற்றிய மைக்கேல் புவோனோகோர். பாஸ்பாரிக் அமிலத்தை 30 வினாடி தடவினால் பற்சிப்பியில் பிசின் நன்றாகப் பற்றுகிறது என்று 1955இல் அவர் காட்டினார். பற்சிப்பியின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். அமிலம் அதில் நுண்ணிய பள்ளங்களை உண்டாக்க, பிசின் அவற்றுள் இறங்கி இறுகுகிறது.

பற்சிப்பிக்கு உள்ளே இருக்கும் டென்டைனில்தான் சிக்கல். அதில் கனிமம் சுமார் 70 விழுக்காடுதான். மீதி பெரும்பாலும் கொலாஜன் நாரும் நீரும். அமிலம் கனிமத்தைக் கரைத்தபின் நார்வலை மட்டும் மிஞ்சும். அந்த வலைக்குள் பிசின் ஊடுருவி உருவாகும் கலப்பு அடுக்கை 1982இல் ஜப்பானின் நொபுவோ நகாபயாஷி விளக்கினார். டென்டைனில் பிணைப்பின் பலம் பெரிதும் சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள இந்த அடுக்கில்தான் அடங்கியிருக்கிறது.

ஆக்சிஜன் என்னும் தடை

நீல ஒளி பட்டதும் பிசின் சங்கிலித் தொடர் வினையாக இறுகுகிறது. ஆக்சிஜன் இருந்தால் அந்தச் சங்கிலி இடையிலேயே அறுந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு சிதையும்போது வெளிவருவது ஆக்சிஜன்தான். பெராக்சைடால் பற்களை வெளுத்தபின் ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்தே அடைப்பு வைப்பது இதனால்தான்.

2020இல் கோவிட் பரவலின்போது, சிகிச்சைக்கு முன் நோயாளியைப் பெராக்சைடு கரைசலால் கொப்பளிக்கச் செய்யும் வழக்கம் பல இடங்களில் வந்தது. சொத்தையைத் தோண்டுவதற்கு முன் ஒரு நிமிடம் கொப்பளிப்பதால் பெரிய கேடு வர வாய்ப்பில்லை. அதன்பிறகு வெட்டப்படும் குழியின் பரப்பு புதியது. குழியைத் திறந்தபின் அதே திரவம் உள்ளே பட்டால் கதை வேறு. வேர் சிகிச்சையில் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் இப்படியே பிணைப்பைப் பலவீனமாக்கலாம். அது கொலாஜனையும் சிதைக்கிறது. வைட்டமின் சி-யின் உப்பான சோடியம் அஸ்கார்பேட்டைத் தடவினால் இழந்த பலம் கணிசமாகத் திரும்புவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

குளோரெக்சிடின்

மவுத்வாஷில் 0.12 அல்லது 0.2 விழுக்காடு குளோரெக்சிடின் இருக்கும். குழியைச் சுத்தம் செய்ய 2 விழுக்காடு பயன்படும். இதன் மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்டது. பல்லோடும் கொலாஜனோடும் பற்றிக்கொண்டு நெடுநேரம் நிற்கும். அந்தப் படலம் பிசினைத் தடுக்கும் என்ற அச்சம் இயல்பானதே. ஆனால் அமிலம் தடவிக் கழுவும் முறையில் பெரும்பாலான சோதனைகளில் உடனடிப் பிணைப்பு குறையவில்லை. தனியாக அமிலம் தடவாத ஒட்டுபொருட்களில் மட்டும் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

வியப்பு அதன்பிறகுதான். டென்டைனுக்குள்ளேயே கொலாஜனைச் சிதைக்கும் நொதிகள் உறங்கிக் கிடக்கின்றன. அமிலம் அவற்றை எழுப்பிவிடுகிறது. பிசின் முழுதாக மூடாத நார்களை அவை மாதக்கணக்கில் அரிக்கின்றன. குளோரெக்சிடின் இந்த நொதிகளை அடக்கும் என்பதால், அமிலம் தடவிய டென்டைனில் அதைப் பூசிய பற்களில் கலப்பு அடுக்கு ஓராண்டுக்குப் பின்னும் நன்றாக இருந்தது. கிருமிநாசினியே பிணைப்புக்குக் காவலானது! ஆயினும் நோயாளிகளிடம் செய்த நீண்ட கண்காணிப்புகளில் அடைப்பு கழன்று விழும் அளவு பெரிதாகக் குறையவில்லை. நாளாக ஆக மருந்து கசிந்து வெளியேறுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மேலும் இந்தப் பலன் குழிக்குள் மருத்துவர் பூசும் மருந்துக்கு உரியது. வீட்டில் கொப்பளிப்பதால் அடைப்பு உறுதிப்படும் என்று இதற்குப் பொருளில்லை.

அடைப்பு வைத்த பிறகு

இறுகிய கம்போசிட்டின் மேற்பரப்பை ஆல்கஹால் சற்று மென்மையாக்கும். பழைய லிஸ்டரின் வகையில் ஆல்கஹால் 26.9 விழுக்காடு. சோதனைகளில் அடைப்பு பல மணி நேரம் ஊறவைக்கப்படுகிறது. வாயில் அரை நிமிடம்தான் படுகிறது என்பதால் அந்த முடிவுகளை அப்படியே வாய்க்குப் பொருத்த முடியாது. ஆல்கஹால் இல்லாத வகைகளும் கிடைக்கின்றன.

குளோரெக்சிடினை வாரக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லிலும் அடைப்பின் ஓரத்திலும் பழுப்புக் கறை படியும். தேநீரும் காப்பியும் அதைக் கூட்டும். அடைப்பு கழன்று மறுபடி சொத்தை வந்துவிட்டதோ என்று பலர் பயப்படுவது இந்தக் கறையைப் பார்த்துத்தான். கறை மேற்பரப்பில் மட்டும் இருந்தால் பல் மருத்துவர் மெருகேற்றியே நீக்கிவிடலாம். அடைப்பை மாற்றத் தேவையில்லை.