திரை இருண்டால் என்ன செய்வது?

பொத்தானை அழுத்தினால் விசிறி சுழல்கிறது. திரையோ இருண்டு கிடக்கிறது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உதிரிப் பாகங்களைப் பொறுக்கி வாங்கி, வீட்டிலேயே கணிப்பொறி பூட்டும் மாணவ நண்பர்கள் பலருக்கும் இந்நிலை ஏற்படுவதுண்டு. பழுது பார்ப்பவரிடம் தூக்கிச் சென்றால், “மதர்போர்டு போய்விட்டது” என்ற தீர்ப்பு எளிதில் கிடைத்துவிடும். கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு அத்தீர்ப்பின் விலை பல நாள் ஊதியம். விசாரணையின்றித் தண்டனை எதற்கு?

வேதியியல் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்கிறோம் அல்லவா? ஒவ்வொரு தொகுதியாக ‘இல்லை, இல்லை’ என்று விலக்கிக்கொண்டே போய் இறுதியில் உண்மையைப் பிடிக்கிறோம். இங்கும் அதே வழிதான். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடலில் சேரும் நிலைமின்சாரம், நாம் உணராத அளவிலேயே சில்லுகளைக் கெடுக்க வல்லது. பின்னர் மதர்போர்டு எனும் தாய்ப்பலகை, விசிறியுடன் செயலி, ராம் எனும் நினைவகத் தகடு ஒன்றே ஒன்று, மின்வழங்கி ஆகியவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் கழற்றிவிடுங்கள். செயலியிலேயே திரைவசதி இல்லையென்றால் காட்சி அட்டையும் இருக்கட்டும்.

முதல் ஐயம் நினைவகத்தின் மீது. அதன் விளிம்பில் தங்க முலாம் பூசிய முனைகள் உள்ளன. அவற்றில் தூசியும் அழுக்கும் படிந்தால் மின்தடை கூடித் தொடர்பு கெடுகிறது. பென்சில் அழிக்கும் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, ‘டக்’ என்று கொக்கி விழும்வரை அழுத்திச் செருகுங்கள். பைசா செலவில்லாத இந்த வைத்தியத்தில் எழுந்து உட்காரும் கணிப்பொறிகள் ஏராளம்! அடுத்து, செயலிக்கெனத் தனியே வரும் 4 அல்லது 8 முனைச் செருகியைப் பாருங்கள். அதை மாட்ட மறந்தால் விசிறி மட்டும் சுழலும்; வேறெதுவும் நடவாது.

இனிப் பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்து, உலர்ந்த அட்டை மீது வைத்து இயக்குங்கள். அங்கே ஓடினால், பெட்டிக்குள் ஏதோ ஒரு பித்தளைத் தாங்கி தவறான இடத்தில் நின்று பலகையின் அடிப்புறத்தைத் தொட்டுக் குறுக்குச்சுற்று உண்டாக்கியிருக்கலாம்.

மின்வழங்கியைச் சோதிக்க நம் இயற்பியல் ஆய்வகத்து மல்டிமீட்டரே போதும். ஓடும்போது மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 காட்ட வேண்டும். 5 விழுக்காடு ஏற்ற இறக்கம் பொறுக்கலாம், மஞ்சளில் 11.4க்குக் கீழே இறங்கினால் குற்றவாளி அகப்பட்டான்! ஆனால் அதன் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். 230ஐ 1.414ஆல் பெருக்கினால் 325. ஏறத்தாழ அத்தனை வோல்ட் உள்ளிருக்கும் மின்தேக்கியில், செருகியைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். உயிருக்கே ஆபத்து.

கடிகாரம் மட்டும் அடிக்கடி பழைய தேதிக்குப் போகிறதா? சி.ஆர். 2032 மின்கலம் தீர்ந்திருக்கும். 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிப்பு என்பதே அந்த எண்ணின் பொருள்.

சிறு தொகுப்பு இயங்கிவிட்டால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டே. எதைச் சேர்த்ததும் திரை மீண்டும் இருள்கிறதோ, அங்கேதான் பழுது. எதற்கும் அசையாவிட்டால், நண்பரிடம் நன்றாக ஓடும் நினைவகத்தையும் மின்வழங்கியையும் இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். அப்போதும் இருள்தான் என்றால், தாய்ப்பலகையையோ செயலியையோ ஐயுறலாம்.