முள் ஏறினால் எஞ்சின் கொதிக்கிறதா?

கோடை விடுமுறை வந்துவிட்டால், மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு முதல் குன்னூர் வரை பானெட்டைத் திறந்துவைத்து ஓரமாக நிற்கும் பழைய கார்களைப் பார்க்கலாம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 வளைவுகளிலும் இதே காட்சிதான். "ஹீட் முள்ளு ஏறிப்போச்சுங்க" என்பார் ஓட்டுநர். அப்படி நிற்கும் வண்டிகள் சிலவற்றில் எஞ்சின் நிஜமாகவே கொதித்துக்கொண்டிருக்கும். வேறு சிலவற்றில் எஞ்சினுக்கு ஒன்றுமே இருக்காது; முள்தான் தவறாகக் காட்டும். இது தெரியாமல் ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் நிறையப் பேர். பிரித்தறிய வேண்டிய அறிவியல் பள்ளிக்கூடப் பாடத்துக்கு மேல் போகாது என்பதால்தான் இந்தச் செலவு மனதை உறுத்துகிறது.

டாஷ்போர்டு மீட்டர் வெப்பத்தை நேரடியாக அளப்பதில்லை. எஞ்சினில் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் சிறிய பித்தளைச் சென்சார் ஒன்று திருகப்பட்டிருக்கும். அதன் நுனி கூலன்ட் தண்ணீரில் நனைந்தபடி இருக்கும். சாதாரண உலோகக் கம்பி சூடானால் மின்தடை கூடும். சென்சாருக்குள் இருக்கும் ஆக்சைடுப் பொருளில் அது குறையும். இந்தத் தலைகீழ்க் குணத்தை வெள்ளி சல்பைடில் மைக்கேல் ஃபாரடே 1833-இலேயே கண்டார். தண்ணீர் சூடாகச் சூடாகத் தடை குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது, முள் ஏறுகிறது. ஆக, நாம் பார்ப்பது வெப்பநிலையை அல்ல, ஒரு ஒயரில் ஓடும் மின்னோட்டத்தை. அந்த ஒயர் வழியில் எங்கே கோளாறு வந்தாலும் முள் அதையும் 'வெப்பம்' என்றே காட்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது முள்ளின் வேகம். ஒரு காரில் 6 லிட்டர் கூலன்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 30 டிகிரி கூடுதலாகச் சூடாக்க ஏறத்தாழ 750 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இதற்கு மேல், எஞ்சின் பிளாக்கின் இரும்பும் சூடாக வேண்டும். மலை ஏறும்போது எஞ்சின் தண்ணீருக்குள் 25 கிலோவாட் வெப்பத்தைத் தள்ளினாலும், ரேடியேட்டர் துளியும் வேலை செய்யாவிட்டாலும், அரை நிமிடத்துக்குள் அது நடக்காது. எனவே காலையில் சாவியைத் திருப்பிய சில நொடிகளில் முள் சிவப்புக்குப் போனால் அது வெப்பமே அல்ல. பெரும்பாலும் சென்சார் ஒயரின் உறை எக்ஸாஸ்ட் பக்கம் உருகி, செம்பு பாடியில் தொட்டுக்கொண்டிருக்கும். வெப்பத்துக்கு நேரம் வேண்டும், மின்சாரத்துக்கு வேண்டாம். இந்த ஒரு விதியை வைத்தே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

அடுத்து பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். ஆங்கிலேய வடிவமைப்பில் வந்த பழைய கார்கள் பலவற்றில் இந்த இரண்டு மீட்டர்களுக்கும் பொதுவாக ஒரு சிறிய வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உண்டு. பேட்டரி 12 வோல்ட் தந்தாலும், ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தந்தாலும், அதிலுள்ள ஈருலோகத் தகடு விட்டுவிட்டு இணைந்து, சராசரியாக 10 வோல்ட்டை மட்டும் மீட்டர்களுக்கு அனுப்பும். அது ஒட்டிக்கொண்டாலோ அதன் எர்த் விட்டுப்போனாலோ இரண்டு முள்ளும் சேர்ந்தே மேலே போகும். டேங்க் நிரம்பாமலே பெட்ரோல் முள் நிரம்பியதாகக் காட்டி, ஹீட் முள்ளும் ஏறினால் எஞ்சினைத் தொடவே வேண்டாம். ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் மீட்டர் பலகையின் எர்த்தைச் சுத்தம் செய்தால் போதும்.

எர்த் கெட்டால் முள் எப்போதும் ஏறும் என்றும் சொல்ல முடியாது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். கசிவை நிறுத்த அதில் டெஃப்லான் டேப்பை தாராளமாகச் சுற்றினாலோ, எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான பட்டை துருப்பிடித்தாலோ அந்தப் பாதையில் தடை கூடும். சென்சார் 50 ஓம் காட்ட வேண்டிய சூட்டில் துரு இன்னொரு 30 ஓம் சேர்த்தால், மீட்டருக்கு 80 ஓம்தான் தெரியும். அதைக் குறைந்த சூடு என்று எடுத்துக்கொள்ளும். எனக்கு ஏறும் முள்ளைவிட இந்தக் குளிர்ந்த முள்ளின் மீதுதான் பயம் அதிகம். ஏறும் முள் வண்டியை நிறுத்தவைக்கும். இது ஹெட் கேஸ்கெட் போகும்வரை நிம்மதியாக ஓட்டவைக்கும்.

சோதிப்பது கடினமல்ல. சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு இக்னிஷனைப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் முள் குளிர் பக்கம் நிற்க வேண்டும். ஒயரை ஓரிரு நொடி எஞ்சின் உலோகத்தில் தொட்டால் சூடு பக்கம் நகரத் தொடங்க வேண்டும். அதிக நேரம் தொட்டால் மீட்டர் கெடும். இரண்டும் சரியாக நடந்தால் ஒயரும் மீட்டரும் நலம், சந்தேகம் சென்சார் மேல் போகிறது. எஞ்சின் ஆறியபின் சென்சாரைக் கழற்றி, நீளமான ஒயர் கொடுத்து, அதன் பித்தளை உடலுக்கும் தனியே எர்த் தந்து, நுனியை மட்டும் சுடுதண்ணீரில் தோய்த்து முள்ளைப் பார்க்கலாம். கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் கொதிப்பது 98.6 டிகிரி செல்சியஸ் வாக்கில். ஊட்டியின் 2,240 மீட்டரில் அது 93-க்கும் சற்றுக் கீழே வந்துவிடும். ஊட்டியில் கொதிநீரில் சோதித்துவிட்டு 100 டிகிரி என்று குறித்துக்கொண்டால் அந்தக் கணக்கே தவறு. துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி இப்போது பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. ஆனால் பளபளப்பான அலுமினியம் வெப்பக்கதிரைக் குறைவாகவே உமிழும் என்பதால் அது குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் பார்த்தால் நெருங்கிய எண் கிடைக்கும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் நிறுவனம் நாடு முழுக்க ஓடும் வண்டிகளுக்கு டாஷ்போர்டு மீட்டர்களைச் செய்துகொண்டிருக்கிற ஊர் கோவை. இங்கேயே "முள்ளு ஏறுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுங்க" என்கிற வைத்தியம் இன்னும் நடப்பதை ஏற்க முடியவில்லை. 82 டிகிரி வாக்கில் திறக்கும் அந்த மெழுகு வால்வை எடுத்துவிட்டால் இறக்கத்தில் எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்துபோகும், ஆயில் கெட்டியாகவே இருக்கும், பெட்ரோல் வீணாகும், சிலிண்டர் தேயும். முள் கீழே நிற்பது அங்கே உண்மைதான். ஆனால் அது நல்ல செய்தி அல்ல.

2000-க்குப் பிறகு வந்த கார்களும் இப்போது பழைய கார்களாகிவிட்டன. அவற்றில் பலவற்றில் 80-க்கும் 100-க்கும் இடையே சூடு எப்படி மாறினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகினால்தான் உண்மையான டிகிரி தெரியும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் இந்தச் சோதனை எதற்கும் காத்திருக்கக் கூடாது. ஏற்றத்தில் மேலே போன முள், காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால், தண்ணீர் வெளியேறிச் சென்சார் நுனி ஆவியில் நிற்கிறது என்று கொள்ளுங்கள். தண்ணீர் தொட்டால்தான் சென்சாருக்கு எஞ்சின் சூடு சரியாகத் தெரியும். வண்டியை ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டாம். அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் நின்ற தண்ணீர், மூடி திறந்த கணத்தில் ஆவியாகச் சீறும். அரை மணி, முடிந்தால் முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, துணியைப் போட்டு மெல்லத் திறவுங்கள்.