பழைய போனும் அதன் கடைசித் தேதியும்

மழைக்காலத்துக்கு முன் தகரக் கூரையில் ஓட்டை தேடித் தார் பூசாத குடும்பம் தெரணியகலைப் பக்கத்தில் இருக்காது. போன வருடம் ஒழுகவில்லை என்று இந்த வருடம் எவரும் சும்மா இருப்பதில்லை. கையில் இருக்கும் போனை மட்டும் நாம் அப்படிப் பார்ப்பதில்லை.

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது. மண்சரிவுக்குப் பயந்து வீட்டை விட்டு இறங்கிய குடும்பங்களுக்குத் தெரியும்: காணி போனபின் கையில் மிஞ்சுவது அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், ஒரு போன். அஸ்வெசும பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பதும், கொழும்பில் கடை வேலைக்குப் போன மகன் பணம் அனுப்பினால் செய்தி வருவதும், வங்கியின் இரகசிய எண் வருவதும் அதில்தான். அந்தப் போனோ பெரும்பாலும் யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்தது.

போனுக்கும் ஓட்டை உண்டு. 2015 ஜூலையில் ஆண்ட்ராய்ட் போன்களில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற பெரிய குறை வெளியே தெரிந்தது. உங்கள் இலக்கத்தை அறிந்த ஒருவன் ஒரு வீடியோச் செய்தி அனுப்பினால் போதும். சில போன்களில் அதைத் திறக்காமலேயே அவன் உள்ளே வரலாம். அதன் பிறகே, 2015 ஆகஸ்டிலிருந்து, கூகுள் இத்தகைய குறைகளுக்கான திருத்தங்களை மாத ஒழுங்கில் வெளியிடத் தொடங்கியது. இதைத்தான் பாதுகாப்பு இற்றைப்படுத்தல், பேச்சில் 'அப்டேட்', என்கிறோம்.

திருத்தம் வெளியானால் மட்டும் போதாது. போனைச் செய்த கம்பெனி அதைத் தன் ஒவ்வொரு மாடலுக்கும் பொருத்தி அனுப்ப வேண்டும். பழைய மாடலுக்கு அந்த வேலையை ஒரு நாள் நிறுத்திவிடுவார்கள். குறையின் விபரமோ திருத்தத்தோடு வெளியே வந்துவிடுகிறது, திருடனும் அதை வாசிக்கிறான். 2017இல் கணினிகளுக்கு நடந்தது இதுவே. மைக்ரோசொஃப்ட் மார்ச் மாதத்தில் திருத்தம் கொடுத்தது. போடாதவர்களை மே 12இல் 'வொன்னாகிரை' பிடித்தது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே முடங்கின.

உங்கள் போனில் 'செட்டிங்ஸ்' போய் 'எபவுட் போன்' என்பதைத் திறந்து, 'செக்யூரிட்டி அப்டேட்' அல்லது 'செக்யூரிட்டி பெட்ச்' என்ற வரியைப் பாருங்கள். சில போன்களில் அது 'சொஃப்ட்வெயார் இன்பர்மேசன்' என்பதற்குள் இருக்கும். அங்கே ஒரு தேதி உண்டு. நாம் பார்த்த ஒரு போன் வாங்கி ஒரு வருடம்தான். கண்ணாடியில் கீறல் கூட இல்லை. தேதி 2019. வாங்கியவர் பாவம், ரசீதைத்தான் பத்திரமாக வைத்திருந்தார்.

வாக்குறுதி வருடங்கள் நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. பெரும்பாலும் மாடல் முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்துதான். 2023இல் வந்த பிக்ஸல் 8க்கும் 2024இல் வந்த சம்சுங் எஸ்24க்கும் 7 வருடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மலிவான மாடல்களுக்கு இது குறையலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், மாடலின் விற்பனை நின்றபின்னும் 5 வருடம் இற்றைப்படுத்தல் தர வேண்டும் என்று சட்டமாக்கியிருக்கிறது. அது நம் நாட்டுச் சட்டமல்ல. முடியாத காரியமல்ல என்பதை மட்டும் காட்டுகிறது. 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் ஒரு திருத்தம் வந்ததே! ஆகவே கடையில் கெமராவைப் பார்க்கு முன் இந்தத் தேதியைப் பாருங்கள்.

புதிது வாங்க வழியில்லாதவர்கள்தான் நம்மில் அதிகம். பழைய போனை எறிய வேண்டாம், அதில் வங்கி வேலையை மட்டும் வைக்க வேண்டாம். வங்கிக்குக் கொடுத்த இலக்கத்தின் சிம்மை ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டுக்கொள்ளலாம். இரகசிய எண் அதற்கும் வரும். வட்ஸ்அப்பை பிளே ஸ்டோர் வழியாகப் புதுப்பித்து வையுங்கள். மிகப் பழைய ஆண்ட்ராய்ட் 4.4 போன்களில் 2025 தொடக்கம் அதுவும் வேலை செய்யாது. 'நிவாரணத்துக்குப் பதிய இதை அமுக்கு' என்று வரும் இணைப்பை அமுக்காமல் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

அப்டேட் வந்தால் டேட்டா நிறையப் போகும், சார்ஜும் வேண்டும். மழை பிடித்தால் கரண்ட் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் டவுனுக்குப் போகும் நாளில் வைஃபை உள்ள இடத்தில் போடச் சொல்லுங்கள். பழைய போனையும் சார்ஜ் போட்டு வையுங்கள். டோர்ச்சுக்கும், மலையில் வெடிப்புக் கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்கவும் அது போதும்.